தேள் கொட்டினால் கை கால் ஏன் சில்லிடுகிறது?



விறகுக் கட்டை எடுக்கும்போது, கல் புரட்டும்போது, கூரை ஓலை பிரிக்கும்போது தேள் கொட்டுவது நமக்குப் புதிதல்ல. "தேள்தானே, ஒரு ராத்திரி வலிச்சிட்டுப் போயிடும்" என்று சொல்வதும் புதிதல்ல. பலருக்கு அப்படித்தான் சரியாகிப் போகிறது. ஆனால் சிலருக்கு, முக்கியமாகச் சின்னக் குழந்தைகளுக்கு, உயிருக்கே ஆபத்தாகிவிடுகிறது. உடம்பு வேர்த்து, வாந்தி எடுத்து, கையும் காலும் பனிக்கட்டி மாதிரி சில்லிட்டுப் போகும். "குளிருது போல" என்று போர்வையைப் போர்த்திவிட்டு வீட்டிலேயே வைத்திருந்தால் நேரம் கைமீறிவிடும்.

அந்தச் சில்லிப்புக்குக் காரணம் குளிர் இல்லை. நமது ரத்தக்குழாய்களைக் கட்டுப்படுத்தும் சில நரம்புகளை விஷம் முடுக்கிவிடுகிறது. அது என்ன நரம்பு, என்ன வேலை செய்கிறது என்று தெரிந்துகொண்டால், ஆபத்தை நாமே அடையாளம் கண்டுகொள்ளலாம்.

வாய்க்காலும் மடையும்

வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சுவது உங்களுக்கு நாங்கள் சொல்லித் தர வேண்டியதில்லை. கிணற்றில் இருக்கும் தண்ணீர் எல்லா வயலுக்கும் ஒரே நேரத்தில் போதாது. ஒரு மடையை அடைத்து இன்னொரு மடையைத் திறந்து விடுகிறோம்.

நம் உடம்பும் இப்படித்தான். பெரியவர்கள் உடம்பில் சுமார் 5 லிட்டர் ரத்தம் இருக்கிறது. இதயம்தான் மோட்டார். ரத்தக்குழாய்கள் வாய்க்கால்கள். எல்லா உறுப்புகளுக்கும் ஒரே சமயத்தில் நிறைய ரத்தம் அனுப்ப இதயத்தால் முடியாது. அதனால் எந்த இடத்துக்கு அதிகம் தேவையோ அங்கே திறக்க வேண்டும், மற்ற இடத்தில் குறைக்க வேண்டும். உடம்பில் இந்த மடைகளாக இருப்பவை நுண்ணிய தமனிகள். இவற்றின் சுவரில் வளையம் வளையமாகத் தசை இருக்கிறது. தசை இறுகினால் குழாய் ஒடுங்கும், தளர்ந்தால் விரியும்.

மடை போடும் ஆள் யார்? அவைதான் பரிவு நரம்புகள். டாக்டர்கள் 'சிம்பதடிக்' நரம்பு என்று சொல்வார்கள். நாம் நினைத்து இவற்றை இயக்க முடியாது. தூங்கும்போதும் தானாக வேலை செய்துகொண்டிருக்கும்.

நரம்பு எங்கிருந்து வருகிறது?

பின்மூளையில் முகுளம் என்று ஒரு பகுதி உண்டு. அங்கிருந்து உத்தரவு முதுகுத் தண்டு வழியாக இறங்குகிறது. நெஞ்சுப் பகுதியிலும் இடுப்பின் மேல்பகுதியிலும் பரிவு நரம்புகள் தண்டிலிருந்து வெளியே வருகின்றன. முதுகெலும்பின் இரண்டு பக்கமும் மணிமாலை மாதிரி நரம்பு முடிச்சுகள் வரிசையாக இருக்கின்றன. அங்கே கை மாறி, கொடி பந்தலில் படர்வதுபோல ரத்தக்குழாய்களின் மேலேயே படர்ந்து போகின்றன. சிரைகளுக்கும் இந்த நரம்பு உண்டு. மிக நுண்ணிய தந்துகிகளுக்கு மட்டும் இல்லை, ஏனென்றால் அவற்றின் சுவரில் இறுகுவதற்குத் தசையே இல்லை.

நரம்பின் முனையில் நார்அட்ரினலின் என்ற ஒரு பொருள் சுரக்கிறது. அது குழாயின் தசையில் இருக்கும் பூட்டுக்குச் சாவி போலப் பொருந்துகிறது. உடனே தசை இறுகுகிறது. இதை 1946இல் கண்டுபிடித்தவர் சுவீடன் நாட்டு விஞ்ஞானி உல்ஃப் வான் ஆய்லர். 1970இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

முயலின் காது சொன்ன உண்மை

அதற்கு நூறு வருஷம் முன்பே, 1851-52இல், பிரான்ஸ் நாட்டில் கிளாட் பெர்னார்ட் என்ற விஞ்ஞானி ஒரு சோதனை செய்தார். முயலின் கழுத்தில் ஒரு பக்கம் இந்த நரம்பை வெட்டினார். அந்தப் பக்கத்துக் காது சிவந்து சூடானது. வெட்டிய நரம்பின் முனைக்கு மின்சாரம் கொடுத்தபோது காது வெளுத்து, சூடு குறைந்தது.

இதிலிருந்து என்ன தெரிகிறது? நரம்பு எப்போதும் குழாயைக் கொஞ்சம் இறுக்கிப் பிடித்தே வைத்திருக்கிறது. பாதி அடைத்த மடை மாதிரி. பிடி தளர்ந்தால் ரத்தம் பெருகி இடம் சூடாகும். பிடி இறுகினால் ரத்தம் குறைந்து இடம் சில்லிடும். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

தினமும் நமக்காகச் செய்யும் வேலை

உட்கார்ந்து களை எடுத்துவிட்டு எழுந்து நிற்கிறோம். அந்த நொடியிலேயே அரை லிட்டருக்கும் மேல் ரத்தம் கால் பக்கமும் வயிற்றுப் பக்கமும் இறங்கிவிடும். கழுத்துத் தமனியில் உள்ள உணர்வு நரம்பு, "அழுத்தம் குறையுது" என்று மூளைக்குச் சொல்கிறது. உடனே பரிவு நரம்பு கால், வயிற்றுக் குழாய்களை இறுக்குகிறது. அதனால்தான் தலைக்கு ரத்தம் குறையாமல் நாம் நிற்க முடிகிறது. இது தாமதமானால் கண் இருட்டிக்கொண்டு வரும். சர்க்கரை நோய் பல வருஷம் கட்டுப்பாடில்லாமல் இருந்தால் இந்த நரம்பும் கெட்டுப்போகும். அவர்களுக்கும், சில வகை பி.பி. மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கும் எழுந்ததும் தலை சுற்றுவது இதனால்தான். மெதுவாக உட்கார்ந்து, பிறகு எழுந்திருங்கள். தலை சுற்றுகிறது என்று மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள், டாக்டரிடம் சொல்லுங்கள்.

வெயிலில் வேலை செய்யும்போது தோலின் குழாய்கள் விரிந்து சூட்டை வெளியேற்றுகின்றன. பயந்தால் முகம் வெளுத்து, கை சில்லிட்டு, நெஞ்சு படபடக்கிறது. எல்லாம் இந்த நரம்பின் வேலைதான். பயம் போனதும் பிடி தளர்ந்துவிடும்.

தேள் விஷம் என்ன செய்கிறது?

நம் நாட்டில் உயிருக்கு அதிக ஆபத்தானது இந்தியச் செந்தேள். பெரிய கருந்தேளைவிட உருவத்தில் சிறியது, கொடுக்கு மெலிந்திருக்கும். பார்க்க அற்பமாகத் தெரியும். அதன் விஷம் நரம்பின் 'சுவிட்சை' அணையவிடாமல் செய்துவிடுகிறது. நரம்பு நிற்காமல் வேலை செய்கிறது. நார்அட்ரினலின் வெள்ளமாகக் கொட்டுகிறது.

உடம்பு முழுக்க மடைகள் ஒரே நேரத்தில் இறுகினால் என்ன ஆகும்? கை கால் சில்லிடும். ரத்த அழுத்தம் எகிறும். எல்லா மடையும் அடைத்திருக்க மோட்டார் ஓடினால் எப்படித் திணறுமோ, அப்படி இதயம் திணறுகிறது. தள்ள முடியாத ரத்தம் பின்னால் தேங்கி நுரையீரலில் நீர் கோர்க்கிறது. மூச்சு வாங்கும், இருமல் வரும், வாயில் ரத்தம் கலந்த நுரைகூட வரலாம். இதெல்லாம் கொட்டிய உடனே வருவதில்லை, சில மணி நேரம் கழித்தும் வரலாம். அந்த நேரம்தான் நம் கையில் இருக்கும் நேரம்.

ஒரு டாக்டர் தம்பதியின் சேவை

மகாராஷ்டிராவில் கொங்கண் பகுதியில் மகாட் என்ற ஊர் இருக்கிறது. அந்தப் பக்கம் ஆரம்ப சுகாதார நிலையத்தில் 1970களில் வேலைக்குச் சேர்ந்தவர் டாக்டர் ஹிம்மத்ராவ் பவாஸ்கர். தேள் கொட்டி வந்தவர்களின் பக்கத்திலேயே இருந்து, நாடியையும் அழுத்தத்தையும் கை கால் சூட்டையும் குறித்துக்கொண்டே வந்தார். குழாய்கள் இறுகுவதுதான் பிரச்சினை என்றால், இறுக்கத்தை விடுவிக்கும் மருந்து கொடுத்தால் என்ன என்று யோசித்தார்.

பிரசோசின் என்று ஒரு பி.பி. மாத்திரை இருந்தது. அது குழாய்த் தசையின் பூட்டை அடைத்துக்கொள்ளும். சாவி எவ்வளவு வந்தாலும் பொருந்த இடம் கிடைக்காது. குழாய் தளரும். 1980களில் இந்தச் சிகிச்சையை அவர் பயன்படுத்தி உலக மருத்துவ இதழ்களில் எழுதினார். முன்பு கடுமையாகப் பாதிக்கப்பட்டவர்களில் நூற்றுக்கு 30 பேர் வரை இறந்தார்கள். பிறகு அது நாலு பேருக்கும் கீழே குறைந்தது. அவரும் மனைவி டாக்டர் பிரமோதினியும் சேர்ந்து செய்த ஆய்வு 2011இல் வெளிவந்தது. தேள் விஷமுறிவு மருந்தையும் பிரசோசினோடு சேர்த்துக் கொடுத்தால் இன்னும் சீக்கிரம் குணமாகிறது என்று அது காட்டியது. 2022இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது.

இந்தச் சிகிச்சையில் குணமாவதற்கு முக்கியமான அடையாளம் என்ன தெரியுமா? கையும் காலும் மறுபடி சூடாவதுதான். பெர்னார்டின் முயல் காது மாதிரியே!

நாம் செய்ய வேண்டியது

1. கொட்டிய நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். வளையல், மோதிரம், மெட்டியைக் கழற்றுங்கள். படுக்க வைத்து ஆறுதல் சொல்லுங்கள்.
2. வலிக்குத் துணியில் சுற்றிய ஐஸ் வைக்கலாம்.
3. வாந்தி, அதிக வேர்வை, எச்சில் ஒழுகுதல், படபடப்பு, கை கால் சில்லிடுதல் இவற்றில் ஒன்று வந்தாலும் 108க்கு போன் செய்யுங்கள். வலியின் அளவை வைத்து ஆபத்தை எடை போடாதீர்கள்.
4. குழந்தை, கர்ப்பிணி, முதியவர், இதய நோயாளி என்றால் அறிகுறிக்காகக் காத்திருக்க வேண்டாம், உடனே கிளம்புங்கள்.
5. பிரசோசின் கொடுத்தபின் டாக்டர் சொல்லும்வரை எழுந்து நடக்க விடாதீர்கள். குழாய் தளர்ந்திருப்பதால் மயங்கி விழலாம்.

செய்யக் கூடாதது

இறுக்கிக் கட்டுவது, கீறுவது, வாயால் உறிஞ்சுவது, சூடு வைப்பது, மண்ணெண்ணெய் தடவுவது வேண்டாம். மந்திரிப்பதில் நம்பிக்கை உள்ளவர்கள் ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தபிறகு வைத்துக்கொள்ளட்டும். தேளைத் தேடிப் பிடித்து எடுத்துப்போக வேண்டியதில்லை. வீட்டுப் பெரியவரின் பி.பி. மாத்திரையை நீங்களாகக் கொடுக்கவும் கூடாது. அளவு தவறினால் அதுவே ஆபத்து.

அடுத்த கூட்டத்தில் பேசுங்கள்

அடுத்த குழுக் கூட்டத்தில் இந்தப் பகுதியை ஒருவர் சத்தமாகப் படியுங்கள். பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் ராத்திரியில் டாக்டர் இருக்கிறாரா, பிரசோசின் இருக்கிறதா என்று இரண்டு பேர் நேரில் போய்க் கேட்டு வாருங்கள். இல்லையென்றால் எங்கே போக வேண்டும் என்பதையும், அவசரத்துக்கு வரும் வண்டிக்காரரின் போன் நம்பரையும் தீர்மான நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வையுங்கள். நடு ராத்திரியில் ஆஸ்பத்திரிச் செலவுக்கு அவசரக் கடன் யார் எடுத்துத் தருவது என்பதையும் இப்போதே முடிவு செய்யுங்கள்.

தேள் கொட்டிய பிள்ளையின் பாதத்தைத் தொட்டுப் பார்க்கத் தெரிந்த ஒரு அம்மா, குழுவில் வீட்டுக்கு ஒருவர் இருந்தால் போதும். சில்லென்று இருக்கிறதா? போர்வை தேடாதீர்கள், வண்டியைத் தேடுங்கள்.