படி என்றால் எந்தப் படி?

“பைதானில் புதிதாக ஒரு கட்டளை சேர்க்க ஏன் இத்தனை விவாதம்? ஒரு சொல்லைப் பட்டியலில் சேர்த்தால் போதாதா?” என்று கல்லூரி மாணவர் ஒருவர் எழுதிக் கேட்டிருக்கிறார். சேர்த்துவிடலாம். ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் நிரல்கள் உடையாமல் சேர்ப்பதில்தான் பாடு இருக்கிறது.

புது விதியை இலக்கணக் கோப்பில் எழுதி, அதிலிருந்து, நிரலை வாசித்துப் பிரித்தறியும் பார்சரை மறுபடி உருவாக்க வேண்டும். பிறகு புதுக் கட்டளையின் வடிவத்தைக் கம்பைலருக்கும் பழக்க வேண்டும். இது உழைப்பு, வழி தெரிந்த உழைப்பு. என்னை வியக்க வைப்பது ‘மேட்ச்’ என்ற சொல்லின் கதை.

2021 அக்டோபரில் வந்த பைதான் 3.10-இல் மேட்ச் கட்டளை சேர்ந்தது. அதற்கு வெகுகாலம் முன்பே ‘ரீ’ தொகுப்பில் அதே பெயரில் ஒரு ஃபங்ஷன் இருந்தது. தங்கள் மாறிகளுக்கு அந்தப் பெயர் வைத்தவர்களும் ஏராளம். வேறெதற்கும் பெயராக வைக்க முடியாத முழுக் கீவேர்டாக ஒதுக்கியிருந்தால் அத்தனையும் பிழையாகியிருக்கும். 2018-இல் 3.7 பதிப்பு ‘ஏசிங்க்’ என்பதை அப்படி ஒதுக்கியபோது, அதைப் பெயராக வைத்திருந்த நிரல்கள் நின்றுபோயின.

ஆகவே மேட்ச் ‘சாஃப்ட் கீவேர்டு’ ஆனது. வந்த இடத்தைப் பொறுத்தே அது கட்டளை. மற்ற இடங்களில் வெறும் பெயர். எங்கள் வீட்டில் பாட்டி “படி” என்று தொடங்கினால், அரிசி அளக்கும் படியா, திண்ணைப் படியா, பாடத்தைப் படி என்கிறாரா என்று முழுதும் கேட்டால்தான் தெரியும். மேட்சும் அப்படியே. அதையடுத்து அடைப்புக்குறிக்குள் ஏதாவது வந்தால், அதுவரை ஃபங்ஷன் அழைப்பாகத்தான் தெரியும். வரியின் முடிவில் முக்காற்புள்ளி வந்து, கீழே உள்தள்ளி ‘கேஸ்’ வந்தால்தான் கட்டளை.

அடுத்த ஒரே டோக்கனைப் பார்த்து முடிவெடுத்த பழைய பார்சருக்கு இந்தப் பொறுமை கிடையாது. 2020-இல் 3.9 பதிப்பில் வந்த ‘பெக்’ பார்சருக்கு உண்டு. குய்டோ வான் ராசம், பாப்லோ கலிண்டோ, லைசாண்ட்ரோஸ் நிகோலாவ் மூவரும் முன்மொழிந்தது. ஒரு விதி பொருந்தாவிட்டால் தொடங்கிய இடத்துக்கே திரும்பி அடுத்த விதியைப் பார்க்கும்.

நான் படித்தபோது கம்பைலர் பாடத்தில் அட்டவணைகளை நிரப்பித் தேர்வெழுதினோம். புழக்கத்திலுள்ள மொழி ஒன்றின் இலக்கணக் கோப்பை யாரும் திறந்து காட்டவில்லை. இன்றும் பல மாணவர்கள் மொழியை விற்பனைக்கு வந்த பண்டம்போலப் பார்க்கிறார்கள். அது மனிதர்கள் யோசித்து, வாதாடி, பிறர் எழுதியதை மதித்துக் கட்டியது என்று அவர்களுக்குச் சொல்ல வேண்டும்.

தம்பி, பைதானின் மூலநிரலை இறக்கி, ‘கிராமர்’ கோப்புறையில் உள்ள ‘பைதான்.கிராம்’ கோப்பைத் திறந்து பாருங்கள். முழுக் கீவேர்டுகள் ஒற்றை மேற்கோளிலும் மேட்ச், கேஸ் போன்றவை இரட்டை மேற்கோளிலும் இருக்கும்.