சால்வைக்கு மறுநாள்

காரிமங்கலம் பக்கத்துப் பள்ளி ஒன்றில் தலைமையாசிரியர் ஓய்வு பெறுகிறார் என்று வைத்துக்கொள்வோம். பிரிவு உபசார விழா, அடுக்கடுக்காகச் சால்வை, குரூப் போட்டோ, மாலையும் கழுத்துமாகக் காரில் வீடு வரை கொண்டுவிடுவது, எல்லாம் ஒரே சாயங்காலத்தில் முடிந்துவிடும். மறுநாள் எட்டரை மணிக்குக் கை தானாகவே இஸ்திரிச் சட்டையைத் தேடும். போகத்தான் இடமிருக்காது.

தமிழக அரசு ஓய்வு வயதை 2020இல் 59 ஆகவும் 2021இல் 60 ஆகவும் உயர்த்தியது. அந்தக் காலை இரண்டு வருடம் தள்ளிப்போனது, அவ்வளவுதான்.

அமெரிக்கச் சமூகவியலாளர் ராபர்ட் ஆட்ச்லி, ஓய்வுக்குப் பிந்தைய மனநிலையைப் படிப்படியாகப் பிரித்துக் காட்டினார். முதலில் தேனிலவு: கோயில் குளம், பேரப்பிள்ளைகள், பகல் தூக்கம். பிறகு சலிப்பு. அப்புறம் நாளை மாற்றி அமைத்துக்கொள்ளும் முயற்சி, கடைசியில் ஒரு நிதானம். எல்லாரும் எல்லாப் படியும் ஏறுவதில்லை. சிலர் சலிப்பிலேயே உட்கார்ந்துவிடுவதும் உண்டு.

பென்ஷன் வருபவருக்கும் ஏன் சலிப்பு? போனது சம்பளம் மட்டுமல்ல, மணியடித்து நகர்ந்த நாளும், தெருவில் கிடைத்த "ஹெச்.எம். சார், வணக்க"மும் கூடவே போய்விடுகின்றன. மிச்சமிருக்கும் அதிகாரம் சமையலறைப் பக்கம் திரும்பும்: பருப்பு டப்பா ஏன் இங்கே, கேஸ் ஏன் எரிகிறது? வீட்டம்மாவுக்கு அது எத்தனை வருட ராஜ்ஜியம்! ஆசிரியையாக இருந்து ஓய்வு பெறும் பெண்ணின் கதை வேறு. அடுப்படி அவரை ஓய்வுபெற விடாது. அவருக்குப் பறிபோவது ஸ்டாஃப் ரூம் அரட்டை.

ஆட்ச்லி 1989இல் இன்னொன்றும் சொன்னார்: முதுமையில் பலர் புதிய மனிதராக மாறுவதில்லை, பழைய இழையையே நீட்டிக்கொள்கிறார்கள். இதற்கு ஐராவதம் மகாதேவனைவிட நல்ல உதாரணம் கிடைப்பது கஷ்டம். ஐ.ஏ.எஸ். பணியில் இருக்கும்போதே தமிழ் பிராமிக் கல்வெட்டுகளைத் தேடிக் குகைகளுக்குப் போனவர். 1980இல் விருப்ப ஓய்வு. பிறகு சில ஆண்டுகள் 'தினமணி' ஆசிரியர். பழந்தமிழ்க் கல்வெட்டுகள் பற்றிய அவருடைய பெரிய நூல் 2003இல் வந்தபோது வயது எழுபதைத் தாண்டியிருந்தது. ஓய்வுக்கு முன்பே கையில் வேலை இருந்தது என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது.

கல்வெட்டு எல்லாருக்கும் வாய்க்காது, வேண்டியதுமில்லை. காரிமங்கலம் பக்கம் இரண்டு ஏக்கர் மாந்தோப்பு வைத்திருக்கும் வாத்தியாருக்கு இழை அறுவதே இல்லை. தாலுகா ஆபீசில் பட்டா ஃபைலோடு காலம் தள்ளியவர், செவ்வாய்ச் சந்தைக்கு வரும் விவசாயிக்கு மனு எழுதிக் கொடுக்கலாம். அதற்குக் கட்டணம் வசூலிக்க ஆரம்பித்தால், அவர் ஓய்வே பெறவில்லை என்று அர்த்தம்!