ஒரே சைக்கிளில் ரெண்டு சைஸ் வீல் மாட்ட முடியுமா? மதுரைக்கு ஏற்ற ஹார்ட்டெயில் எம்டிபி-யை தேர்வு செய்வது எப்படி?

மதுரையில் சைக்கிள் ஓட்டுபவருக்கு ஒரே வாரத்தில் மூன்று விதமான பாதை தேவைப்படுகிறது. வார நாட்களில் காளவாசல், கோரிப்பாளையம் டிராஃபிக். சனிக்கிழமை காலையில் அழகர்கோவில் வரை போய்த் திரும்ப சுமார் 40 கி.மீ. தார் ரோடு. ஞாயிற்றுக்கிழமை என்றால் கண்மாய்க் கரை, பெரியாறு கால்வாய் ஓரத்து மண் பாதை, நாகமலை அடிவாரம். ரோட்டுக்கு ஒன்று, மண்ணுக்கு ஒன்று என ரெண்டு சைக்கிள் வாங்க எல்லோராலும் முடியாது. வீட்டில் நிறுத்த இடமும் வேண்டுமே!

அதனால்தான் ஒரு ஹார்ட்டெயில், அதற்கு ரெண்டு செட் வீல் என்ற யோசனை. 2025 செப்டம்பர் 22 முதல் சைக்கிளுக்கும் அதன் உதிரி பாகங்களுக்கும் ஜிஎஸ்டி 12 சதவீதத்தில் இருந்து 5 சதவீதமாகக் குறைந்ததால், ரெண்டாவது செட் பற்றி யோசிப்பது முன்பைவிடக் கொஞ்சம் எளிதாகியிருக்கிறது. ஆனால் அளவு பார்க்காமல் மாட்டினால், பணம் போவதோடு பல்லும் போகலாம். எப்படி என்று பார்க்கலாம்.

ஹார்ட்டெயில் என்றால்?

முன்னால் மட்டும் ஷாக் அப்சார்பர், பின்னால் எதுவும் இல்லாத மவுன்டன் பைக்தான் ஹார்ட்டெயில். பின்னாலும் ஸ்பிரிங் வைத்த சைக்கிள் பார்க்க கெத்தாக இருக்கும். குறைந்த விலையில் வருபவற்றில் அந்த ஸ்பிரிங் எடையைக் கூட்டி, மிதிக்கிற பலத்தையும் தின்றுவிடும். மதுரை சமவெளிக்கு முன் ஷாக் 80 முதல் 100 மி.மீ. இருந்தால் தாராளம்.

இன்ச் கணக்கை அப்படியே நம்பாதீங்க

பஞ்சர் கடையில் போய் "அண்ணே, 26 டயர் இருக்கா?" என்று கேட்டுப் பாருங்கள். விவரமான கடைக்காரர் "எந்த 26 தம்பி?" என்று திருப்பிக் கேட்பார். லேடீஸ் சைக்கிளில் வரும் 26 x 1 3/8 டயர் உட்காரும் ரிம்மின் விட்டம் 590 மி.மீ. எம்டிபி-யில் வரும் 26 x 2.1 டயருக்கு 559 மி.மீ. பெயர் ஒன்று, அளவு வேறு. ஒன்றின் டயர் இன்னொன்றில் ஏறாது. நம்ம ஊரில் "22 இன்ச் சைக்கிள்" என்று சொல்வது இன்னொரு கதை. அது வீல் சைஸே கிடையாது, ஃபிரேம் உயரம். அந்தப் பெரிய சைக்கிளின் வீல் 28 x 1½, ரிம் அளவு 635 மி.மீ.

இந்தக் குழப்பத்துக்கு மருந்து டயரின் பக்கவாட்டிலேயே இருக்கிறது. 56-584, 38-622 என்று ஒரு ஜோடி எண் பொறித்திருப்பார்கள். முதல் எண் டயரின் அகலம், ரெண்டாவது எண் ரிம்மில் டயர் உட்காரும் இடத்தின் விட்டம். ரெண்டுமே மி.மீட்டரில். எம்டிபி 26 என்றால் 559. 27.5 என்றால் 584. 29 என்றால் 622. ஹைபிரிட், ரோடு பைக்குகளில் வரும் 700சி ரிம்மும் அதே 622 தான். கடையில் 29-ம் 700சி-யும் வேறு வேறு பெயரில் தொங்குவதால் பலர் வேறு சைஸ் என்றே நினைக்கிறார்கள்.

உண்மையான உயரம் எவ்வளவு?

ஃபிரேமுக்கு ரிம் எண் தெரியாது. டயர் மாட்டிய பிறகு வீலின் மொத்த உயரம் எவ்வளவு என்பது மட்டும்தான் அதற்குக் கணக்கு. ரிம் அளவோடு டயர் அகலத்தை ரெண்டு தடவை கூட்டினால் அந்த உயரம் ஏறக்குறைய வந்துவிடும். டயரின் அகலமும் உயரமும் கிட்டத்தட்ட சமம் என்பதால் இது சரிப்படுகிறது.

29 x 2.2 டயருக்கு 622 + 56 + 56 = 734 மி.மீ. இப்போது 27.5 x 2.8 என்ற தடிமனான டயரைப் பாருங்கள். 584 + 71 + 71 = 726. வித்தியாசம் வெறும் 8 மி.மீ., அதாவது தரையிலிருந்து அச்சு 4 மி.மீ. மட்டுமே இறங்கும். அதே 27.5-ல் சாதாரண 2.2 டயர் போட்டால் 696. அச்சு 19 மி.மீ. இறங்கிவிடும். கூடவே பெடலும் 19 மி.மீ. இறங்கும். தார் ரோட்டில் இது தெரியாது. கால்வாய்க் கரையில் கல் துருத்திக்கொண்டு இருக்கும் இடத்தில் பெடல் போய் இடிக்கும்.

வெளிநாட்டு பிராண்டுகள் ஒரே ஃபிரேமை "29 அல்லது 27.5 பிளஸ்" என்று விற்பதன் ரகசியம் இதுதான். சர்லி கம்பெனியின் கராத்தே மங்கி இதற்கு நல்ல உதாரணம். பிளஸ் என்பது அந்தத் தடிமனான டயரைக் குறிக்கும். ஒல்லியான 27.5-க்கு அந்த வாக்குறுதி பொருந்தாது.

மதுரைக்காரர்களுக்கு இதைவிடப் பயனுள்ள கணக்கு ஒன்று உண்டு. உங்களிடம் ஏற்கெனவே 27.5 x 2.2 ஹார்ட்டெயில் இருக்கிறதா? அதன் உயரம் 696. 700 x 38 டயர் போட்ட ஹைபிரிட் வீலின் உயரம் 622 + 38 + 38 = 698. அச்சு ஏறுவது ஒரே ஒரு மி.மீட்டர்! டயரும் ஒல்லி என்பதால் ஃபிரேமுக்குள் இடமும் தாராளம். அழகர்கோவில் ரோட்டுக்கு இந்த செட், கண்மாய்க் கரைக்குப் பழைய செட். இந்த ஊரில் இந்த ஜோடிதான் முதல் தேர்வு என்பேன்.

பழைய 26 வைத்திருப்பவர்களுக்கும் கதவு மூடவில்லை. 559-ல் 2.1 டயரின் உயரம் 667. 584 ரிம்மில் 47 மி.மீ. அகல டயர் போட்டால் 678. ஐந்தரை மி.மீ. ஏறும். ஃபிரேமில் இடம் இருந்தால் ஓட்டலாம்.

எந்த சைஸ் "பெஸ்ட்"?

இந்தச் சண்டைக்கு உலக சாம்பியனே விடை சொல்லாமல் விட்டிருக்கிறார். சுவிட்சர்லாந்து வீரர் நீனோ ஷுர்ட்டர் 2012-ல் தென்னாப்பிரிக்காவின் பீட்டர்மாரிட்ஸ்பர்க் உலகக் கோப்பை போட்டியில் 27.5 வீலில் ஜெயித்தார். அதன் பிறகு கம்பெனிகள் வரிசையாக 27.5 பக்கம் சாய்ந்தன. அதே ஷுர்ட்டர் 2016 ரியோ ஒலிம்பிக்கில் தங்கம் வென்றபோது ஓட்டியது 29. பெரிய வீல் பள்ளத்தின் மேல் உருண்டு போகும், சின்ன வீல் சட்டென்று திரும்பும். சமவெளிக்கு, அதுவும் ஐந்தரை அடிக்கு மேல் உயரம் இருப்பவர்களுக்கு, புதிதாக வாங்கினால் 29. குள்ளமானவர்கள் 27.5 ஃபிரேமை ஓட்டிப் பார்த்துவிட்டு முடிவு செய்யட்டும்.

டிஸ்க் பிரேக் இல்லையென்றால் மறந்துவிடுங்கள்

ரிம்மைப் பிடிக்கும் வி-பிரேக்கில் கட்டை ஒரு குறிப்பிட்ட உயரத்தில்தான் நிற்கும். 584-ல் இருந்து 622-க்குப் போனால் ரிம் 19 மி.மீ. மேலே போய்விடும். கட்டை ரிம்மைத் தொடாமல் கம்பிகளுக்கு நடுவே போகும். டிஸ்க் பிரேக்குக்கு ரிம் எங்கே இருந்தாலும் கவலை இல்லை, அதன் வேலை எல்லாம் ஹப்பில்.

ஹைட்ராலிக்கா, கேபிளா என்று கேட்டால், ரெண்டு செட் வீல் மாற்றி மாற்றிப் போடுபவருக்கு நல்ல கேபிள் டிஸ்க் வசதி. பேடை திருகி நகர்த்திக்கொள்ளலாம். ஊருக்கு வெளியே கேபிள் அறுந்தால் எந்தக் கடையிலும் போட்டுத் தருவார்கள். ஹைட்ராலிக் நன்றாகப் பிடிக்கும், ஆனால் ஆயில் மாற்றி காற்று எடுக்கத் தெரிந்தவர் எல்லா ஊரிலும் கிடைக்க மாட்டார்.

உயிர் சம்பந்தப்பட்ட ஒரு அளவு

முன் ஃபோர்க்கின் ரெண்டு கால்களும் மேலே சேரும் இடத்துக்கு கிரவுன் என்று பெயர். ஷாக் அமுங்கும்போது டயர் அதை நோக்கி மேலே வரும். உயரமான வீலை மாட்டியிருந்தால், நின்ற நிலையில் இடம் இருப்பது போலத்தான் தெரியும். ஒரு பள்ளத்தில் ஷாக் முழுசாக அமுங்கும் அந்த ஒரு நொடியில் டயர் கிரவுனில் உரசி, முன் வீல் அப்படியே நின்றுவிடும். ஓட்டுபவர் ஹேண்டில்பாருக்கு மேல் பறப்பார்.

சோதிக்கும் முறை எளிது. காற்று ஃபோர்க் என்றால் காற்றை முழுசாக இறக்கி, அடிவரை அமுக்கிப் பாருங்கள். ஸ்பிரிங் ஃபோர்க் என்றால் டயர் உச்சியில் இருந்து கிரவுனின் அடிப்பாகம் வரை அளந்து, அதில் ஷாக் அமுங்கும் நீளத்தைக் கழியுங்கள். 100 மி.மீ. ஃபோர்க்கில் இடைவெளி 105 மட்டுமே இருந்தால் மிஞ்சுவது 5 மி.மீ. அது போதாது. குறைந்தது ஒரு சுண்டுவிரல் நுழையும் இடம் மிஞ்ச வேண்டும். பின்னால் ஃபிரேமின் ரெண்டு பக்கமும் டயருக்கு 6 மி.மீ.யாவது இடம் விடுங்கள். நம்ம ஊரில் பரவலாகக் கிடைக்கும் விலை குறைந்த 29 ஃபிரேம்கள் 2.2, 2.3 டயரை மனதில் வைத்துச் செய்யப்பட்டவை. அவற்றில் 27.5 x 2.8 பெரும்பாலும் நுழையாது. 2.6 நுழைகிறதா என்று அளந்துவிட்டு வாங்குங்கள். அதன் உயரம் 716, பெடல் 9 மி.மீ. இறங்கும், சமாளிக்கலாம்.

ஹப், ரோட்டர், கேசட்

ரெண்டு செட்டிலும் ஒரே மாடல் ஹப் போடுவது பாதி தலைவலியைக் குறைக்கும். அச்சு வகையும் ஒன்றாக இருக்க வேண்டும். சாதாரண விலை ஹார்ட்டெயில்களில் முன்னால் 100, பின்னால் 135 மி.மீ. குவிக் ரிலீஸ்தான் அதிகம். டிஸ்க் வைத்த ஹைபிரிட் சைக்கிள்கள் பலவற்றிலும் இதே அளவு என்பதால் 700சி செட் தேடுவது சுலபம். விலை கூடிய எம்டிபி-களில் வரும் 110, 148 மி.மீ. பூஸ்ட் அச்சு இதோடு சேராது.

ரோட்டர் ரெண்டிலும் ஒரே சைஸ். ஒரு செட்டில் ரோட்டர் லேசாக உள்ளே தள்ளி நின்றால், மெல்லிய வாஷர் வைத்து வெளியே கொண்டுவரலாம்.

கேசட்டில்தான் பலர் சறுக்குகிறார்கள். செயின் ஒன்று, கேசட் ரெண்டு. ஒரே செட்டை ஒரு வருஷம் ஓட்டினால் செயினும் அந்தக் கேசட்டும் சேர்ந்தே தேயும். பிறகு புத்தம் புது கேசட் உள்ள செட்டை மாட்டினால், நீண்டுபோன செயின் அதில் உட்காராமல் தாவும். ரெண்டு செட்டையும் முதல் நாளில் இருந்தே மாற்றி மாற்றி ஓட்டுங்கள், செயினை சீக்கிரமே மாற்றிவிடுங்கள். 7 ஸ்பீடு சைக்கிள்களில் பெரும்பாலும் திருகி மாட்டும் ஃப்ரீவீல்தான் இருக்கும். அதில் கேசட் ஏறாது. ரெண்டாவது செட்டும் ஃப்ரீவீல் ஹப்பாகவே இருக்கட்டும்.

முள்ளும் கரிசலும்

மதுரையைச் சுற்றி ஓட்டுபவரின் உண்மையான எதிரி மலை கிடையாது, முள். கண்மாய்க் கரை எங்கும் சீமைக்கருவேலம். தரையோடு படர்ந்து மஞ்சளாகப் பூக்கும் நெருஞ்சி வேறு. சங்கப் புலவர்களுக்கே தெரிந்த முள் அது, டியூபைத் தேடிக் கண்டுபிடிக்கும். எனவே மண் பாதை செட்டை டியூப்லெஸ் ஆக்கி சீலன்ட் ஊற்றுவதுதான் முதல் செலவாக இருக்க வேண்டும். சின்ன ஓட்டைகளை அது தானாக அடைத்துவிடும். நம்ம வெயிலில் சீலன்ட் சீக்கிரம் காயும், ரெண்டு மாதத்துக்கு ஒருமுறை திறந்து பாருங்கள். கருவேல முள்ளை வழியில் பிடுங்காமல் வீடு வரை ஓட்டி வருவது நல்லது. முள்ளே அடைப்பாக இருக்கும்.

தடிமனான டயர் எல்லா மண்ணுக்கும் நல்லது என்று நினைக்க வேண்டாம். வைகை மணலிலும் சரளையிலும் 2.6 டயர், காற்று குறைத்து, அருமையாகப் போகும். மழைக்குப் பிறகு திருமங்கலம், தே.கல்லுப்பட்டி பக்கம் கரிசலில் இறக்கிப் பாருங்கள். மண் அப்பி அப்பி, ஃபிரேமுக்கும் டயருக்கும் நடுவே அடைத்து, சைக்கிளைத் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டியதுதான். ஈரக் கரிசலில் ஒல்லி டயர்தான் தப்பிக்கும்.

எங்கே ஓட்டக்கூடாது என்பதையும் சொல்லிவிடுவோம். கீழக்குயில்குடி சமணர் மலை பாதுகாக்கப்பட்ட தொல்லியல் சின்னம். அரிட்டாபட்டி 2022-ல் அறிவிக்கப்பட்ட தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் பாரம்பரியத் தலம். பாறை மேல் டயர் தடம் பதிக்க வேண்டாம். அழகர் மலைக் காட்டுக்குள் போக வனத்துறை அனுமதி தேவை.

பணம் எங்கே போடுவது?

15 ஆயிரம் ரூபாய் சைக்கிளுக்கு ரெண்டாவது செட் வீல் வாங்குவது வீண் என்பது நம் கருத்து. ஹப், ரிம், டயர், ரோட்டர், கேசட் எல்லாம் சேர்ந்தால் சைக்கிள் விலையில் பெரும்பகுதி போய்விடும். அந்தப் பணத்துக்கு நல்ல டயரும் டியூப்லெஸ் வேலையும் செய்துகொள்ளலாம். ஏற்கெனவே நல்ல ஃபிரேம், காற்று ஃபோர்க், டிஸ்க் பிரேக் இருந்தால் ரெண்டாவது செட்டுக்கு அர்த்தம் உண்டு. வீல் கட்டத் தெரிந்த மெக்கானிக் கிடைத்தால் ஹப்பும் ரிம்மும் தனியாக வாங்கிக் கொடுத்துக் கட்டலாம். ஆனால் போக்ஸ் கம்பியின் நீளத்தை அவர் கணக்குப் போட்டுச் சொன்ன பிறகு வாங்குங்கள். ஒரே ஹப்பாக இருந்தாலும் 29-க்கும் 27.5-க்கும் கம்பி நீளம் கிட்டத்தட்ட 19 மி.மீ. மாறும். புது வீலை 100 கி.மீ. ஓட்டியதும் மறுபடி கொண்டுபோய் பெண்டு எடுத்துவிடுங்கள்.

வீல் மாற்றும் ஒவ்வொரு முறையும் அச்சு இறுக்கத்தையும் பிரேக்கையும் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். ஸ்பீடோமீட்டர் வைத்திருந்தால் வீல் சுற்றளவையும் மாற்ற வேண்டும். 29 x 2.2-க்கு ஏறக்குறைய 2,306 மி.மீ., 27.5 x 2.2-க்கு 2,187. மாற்ற மறந்துவிட்டால் 40 கி.மீ. ஓட்டியவருக்கு 42 கி.மீ. என்று காட்டும். 27.5 x 2.2-ம் 700 x 38-ம் ஜோடியாக வைத்திருப்பவர்களுக்கு அந்த வேலையும் இல்லை. ரெண்டுக்கும் வித்தியாசம் 6 மி.மீ. தான்.