நகவெட்டிக்கு அடங்காத நகம்

அமெரிக்க மருத்துவர் வில்லியம் பீன் 1941-இல் ஒரு விசித்திரமான பழக்கத்தைத் தொடங்கினார். மாதம் பிறந்தால், முதல் தேதியன்று இடது கட்டைவிரல் நகத்தில், தோலை ஒட்டிய இடத்தில், அரத்தால் ஒரு கோடு கீறிக்கொள்வார். அந்தக் கோடு நகர்ந்து நகத்தின் நுனிக்கு வர எத்தனை நாளாகிறது என்று குறித்துவைப்பார். அவ்வளவுதான் ஆய்வு. ஆனால் அதை 35 வருடம் விடாமல் செய்தார். அவருக்கு 32 வயதானபோது நாளொன்றுக்கு 0.123 மில்லிமீட்டர் வளர்ந்த நகம், 67 வயதில் 0.095 மில்லிமீட்டர்தான் வளர்ந்தது. வேகத்தில் ஏறக்குறையக் கால் பங்கு போய்விட்டது. 1980-இல் அவர் வெளியிட்ட அந்தக் கணக்கை நகத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் இன்னும் எடுத்துக்காட்டுகிறார்கள்.

வயதானவர்களின் கால்நகம் தடிப்பதற்கு இந்த மந்தம்தான் முக்கியக் காரணம். தோலுக்கடியில் மறைந்திருக்கும் நகவேரில் பிறக்கும் செல்கள், கெரட்டின் என்ற புரதம் நிரம்பி, இறுகி, இறந்து, தகடாக முன்னே தள்ளப்படுகின்றன. முன்னால் போகும் வண்டி மெதுவானால் பின்னால் வருபவை நெருக்கியடிப்பதுபோல, தள்ளும் வேகம் குறைந்ததும் செல்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொள்கின்றன. கைநகம் மாதத்துக்குச் சுமார் 3 மில்லிமீட்டர் வளரும். கால்நகம் அதில் பாதிதான். கால் பெருவிரல் நகம் முழுதாகப் புதிதாக வளர ஒரு வருடத்திலிருந்து ஒன்றரை வருடம் ஆகும். போதாக்குறைக்கு, வயதானால் பாதத்துக்கு வரும் ரத்தமும் குறைகிறது. இறுக்கமான ஷூவும் இடறல்களும் வருடக்கணக்கில் நகவேரை நசுக்கியிருக்கும். சிலருக்கு நகம் ஆட்டுக்கடாவின் கொம்புபோல் வளைந்துகூடப் போகிறது.

தடித்து மஞ்சளாகிவிட்டால் உடனே ‘சொத்தை நகம்’ என்று பூஞ்சையின் மேல் பழிபோட்டுவிடுகிறோம். வயதானவர்களிடம் பூஞ்சைத்தொற்று அதிகம் என்பது உண்மையே. ஆனால் உருமாறிய நகங்களில் கிட்டத்தட்டப் பாதிக்குப் பூஞ்சை காரணமில்லை. சொரியாசிஸ், பழைய அடி, வெறும் வயது என்று வேறு காரணங்கள் உண்டு. நகத்தைச் சுரண்டியெடுத்து நுண்ணோக்கியில் பார்த்தால் பெரும்பாலும் விஷயம் தெரிந்துவிடும். அந்தச் சின்னப் பரிசோதனையைச் செய்யாமல், மருந்துக்கடையில் கேட்டு மாத்திரை வாங்கி விழுங்குவது வீண்வேலை மட்டுமல்ல, ஆபத்தும்கூட. கால்நகப் பூஞ்சைக்கான டெர்பினாஃபின் மாத்திரையைப் பொதுவாக 12 வாரம் சாப்பிட வேண்டும். அபூர்வமாக அது கல்லீரலைப் பாதிக்கும். பூஞ்சை செத்த பிறகும் பழைய நகம் வளர்ந்து வெளியேறும்வரை காத்திருக்கத்தான் வேண்டும்.

வயதால் வந்த தடிப்புக்கு மாத்திரை தேவையில்லை. வெதுவெதுப்பான நீரில் பாதத்தைச் சற்றுநேரம் ஊறவைத்து, ஓரங்களைக் குடையாமல் நேராக வெட்டி, மேல்தடிப்பை அரத்தால் தேய்த்துவிட்டால் போதும். யூரியா கலந்த களிம்பும் நகத்தை இளக்கும்.

சர்க்கரை நோயாளிகள் மட்டும் இதைத் தாங்களே செய்ய வேண்டாம். அந்த நோயால் உணர்ச்சி மரத்த பாதத்தில் நகவெட்டி பட்ட காயம் தெரியாது; தடித்த நகம் அழுத்தி உள்ளே புண்ணாவதும் தெரியாது. வீட்டில் சர்க்கரையுள்ள பெரியவர்கள் இருந்தால், அவர்கள் பாதத்தைத் தினமும் பாருங்கள். நகம் வெட்டும் வேலையை மருத்துவரிடம் விடுங்கள்.