அரச முத்திரை மருந்துக்குச் சான்றாகுமா?

அரசாங்கமே ஏற்றுக்கொண்ட வைத்தியம் என்றால் அதில் பலன் இல்லாமலா போகும் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். இலங்கையில் 1970ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கச் சட்டம் ஹோமியோபதிக்கு அங்கீகாரம் கொடுத்தது. 2016இல் புதிய சட்டமும் வந்தது. வெலிசறையில் அரச ஹோமியோபதி வைத்தியசாலை இயங்குகிறது. ஆனால் சட்டம் வைத்தியரைப் பதிவுசெய்யும். மருந்தின் பலனை நிரூபிக்காது. பிரித்தானியாவின் இலவச சுகாதார சேவைக்குள் 70 வருடம் ஹோமியோபதி வழங்கிய லண்டன் வைத்தியசாலையின் வரலாறு இதைத் தெளிவாகக் காட்டுகிறது.

வைத்தியர் குவின் 1849இல் கோல்டன் சதுக்கத்தில் அதைத் தொடங்கினார். 1854இல் அந்தச் சுற்றுவட்டாரத்தையே கொலரா வாரிக்கொண்டு போனபோது, அங்கே சேர்க்கப்பட்ட 61 கொலரா நோயாளரில் 10 பேர் இறந்தார்கள். அதாவது நூற்றுக்கு 16 பேரளவில். ஏனைய வைத்தியசாலைகளில் பாதிக்கு மேல் இறந்தார்கள். ஹோமியோபதியின் வெற்றி என்று இன்றும் இதைச் சொல்வோர் உண்டு. ஆனால் அக்காலத்து வழமையான வைத்தியம் என்ன? ஏற்கெனவே நீர் வற்றிய உடம்பிலிருந்து இரத்தம் வடிப்பது, பாதரசம் கலந்த கலோமெல் கொடுப்பது. அத்தகைய சிகிச்சையிலிருந்து தப்பியதே பலரைக் காப்பாற்றியிருக்கும். மருந்து குணப்படுத்தியது என்பதற்கும், கெடுதல் செய்யவில்லை என்பதற்கும் நிறைய வித்தியாசம் இருக்கிறது.

1948இல் பிரித்தானியாவின் தேசிய சுகாதார சேவை ஆரம்பமானபோது ஏனைய வைத்தியசாலைகளோடு இதுவும் அரசின் கைக்கு வந்தது. மருந்துகளைச் சோதித்துப் பார்த்து எடுத்த முடிவல்ல அது. ஹோமியோபதி மருந்து தயாரிக்கும் கணக்கோ எளியது: ஒரு துளி மருந்துக்கு 99 துளி திரவம் சேர்த்துக் குலுக்கி, அதில் ஒரு துளியை எடுத்து மறுபடியும் அப்படியே செய்ய வேண்டும். 12 தடவைக்குப் பின் மூலப்பொருளின் ஒரு மூலக்கூறுகூட மிஞ்சுவது அரிது. கடையில் கிடைப்பவற்றில் பல 30 தடவை கரைத்தவை. 2010இல் பிரித்தானிய நாடாளுமன்றக் குழு, இவை போலி மாத்திரையை விட மேலாக வேலை செய்யவில்லை என்றது. அதே வருடம் வைத்தியசாலையின் பெயரிலிருந்து ஹோமியோபதி நீங்கியது. 176 ஆய்வுகளைப் பரிசீலித்த அவுஸ்திரேலிய மருத்துவ ஆய்வு மன்றமும் 2015இல் நம்பகமான சான்று இல்லை என்றது. 2018 ஏப்ரலில் அந்த வைத்தியசாலையின் ஹோமியோபதிக்கான அரச நிதி நின்றது.

“எனக்குச் சுகமானதே” என்பார்கள். பொய்யல்ல. தடிமன், தலையிடி போன்றவை தாமாகவே தணியும், ஆறுதலாக உட்கார்ந்து கேட்கும் வைத்தியரால் மனமும் தெளியும். வெளிநோயாளர் பிரிவில் இரண்டு நிமிடத்தில் துண்டு எழுதி அனுப்பும் நிலை மாற வேண்டும் என்பதற்கே அது சாட்சி. ஆங்கில மருந்துக்குப் பக்கவிளைவு இல்லையா என்றும் கேட்பார்கள். உண்டு, ஆனால் இரத்தம் வடிப்பதைக் கைவிடச் செய்ததும் சோதித்து எண்ணிப் பார்க்கும் முறைதான். அதே அளவுகோல் ஹோமியோபதிக்கும் பொருந்த வேண்டும். ஹோமியோபதியின் சீனி உருண்டையால் கெடுதல் இல்லை என்பதும் அரை உண்மை. சீனி வருத்தக்காரர் அதை நம்பி இன்சுலினை விட்டால் உயிருக்கே ஆபத்து. அட்டாளைச்சேனையிலோ அக்கரைப்பற்றிலோ கிளினிக் கொப்பி வைத்திருப்பவர்கள் எந்த வைத்தியத்தை நாடினாலும், கிளினிக் வைத்தியரைக் கேட்காமல் வழக்கமான மருந்தை நிறுத்த வேண்டாம்.