அதிர்வு யாருக்குச் சொந்தம்?

2006ஆம் ஆண்டு மே மாதம் லாஸ் ஏஞ்சலஸில் நடந்த இ3 கண்காட்சியையொட்டி, பிளேஸ்டேஷன் 3-க்கான கன்ட்ரோலரை சோனி நிறுவனம் உலகுக்குக் காட்டியது. பார்ப்பதற்கு சோனியின் பழைய கன்ட்ரோலரான டூயல்ஷாக் போலவேதான் இருந்தது. கம்பி போய்விட்டது. கையைச் சாய்த்தால் திரையில் விமானமும் சாயும்படி அசைவு உணரிகள் உள்ளே வந்திருந்தன. ஆனால் ரசிகர்களின் கைக்கு ஏறத்தாழ பத்தாண்டுகளாகப் பழகிப்போன அதிர்வு அதில் இல்லை. சுவரில் கார் மோதினாலும், பக்கத்தில் குண்டு வெடித்தாலும் புதிய கன்ட்ரோலர் சும்மாவே இருந்தது.

அதிர்வு இருந்தால் அசைவு உணரிகள் குழம்பிவிடும், அதனால்தான் நீக்கினோம் என்றது சோனி. அதன் கேம் தயாரிப்புப் பிரிவின் தலைவர் பில் ஹாரிசன் ஒருபடி மேலே போய், அதிர்வு என்பதே முந்தைய தலைமுறையின் சமாச்சாரம் என்று 2007இல் பேட்டி கொடுத்தார். இந்த விளக்கத்தை நம்ப முடியாதபடி செய்தது நின்டெண்டோவின் வீ. பிளேஸ்டேஷன் 3 வெளிவந்த அதே 2006 நவம்பரில்தான் வீயும் கடைகளுக்கு வந்தது. அதன் ரிமோட்டில் அசைவு உணரியும் இருந்தது, அதிர்வும் இருந்தது. இரண்டும் சண்டை போடாமல் ஒரே கைப்பிடிக்குள் வேலை செய்தன.

சோனி வாய்திறந்து சொல்லாத காரணம் கலிபோர்னியாவின் ஓக்லாண்ட் நகரில் உள்ள நீதிமன்றத்தில் கட்டுக்கட்டாகக் கிடந்தது. இம்மர்ஷன் என்ற சிறிய நிறுவனம் தொடுத்த காப்புரிமை வழக்கில் சோனி தோற்று, மேல்முறையீட்டுக்குப் போயிருந்த நேரம் அது.

அதிர்வின் பொறியமைப்பு மிக எளிது. ஒரு சிறிய மோட்டார். அதன் அச்சில் ஒரு பக்கமாகக் கனம் வைத்த உலோகத் துண்டு. மோட்டார் சுழலும்போது கனம் ஒரு பக்கமே இழுப்பதால் முழுக் கருவியும் உதறுகிறது. டூயல்ஷாக்கில் இப்படி இரண்டு மோட்டார்கள். இடது கைப்பிடியில் இருப்பது பெரியது, கனத்த குலுக்கல் தரும். வலது பக்கம் இருப்பது சிறியது, மெல்லிய துடிப்புக்கு. தத்துவமும் புதிதல்ல. 1976லேயே சேகா நிறுவனத்தின் மோட்டோகிராஸ் என்ற ஆர்கேட் இயந்திரத்தில் வண்டி மோதினால் கைப்பிடி அதிர்ந்தது. வீட்டு கேம்களில் 1997இல் நின்டெண்டோ ரம்பிள் பேக் என்ற தன் அதிர்வுக் கருவியைக் கொண்டுவந்தது. அதே ஆண்டு நவம்பரில் ஜப்பானில் டூயல்ஷாக் வந்தது.

எளிய பொருள்தான், ஆனால் விளையாடுபவருக்கு அது அலங்காரம் இல்லை. சாலையை விட்டுச் சக்கரம் இறங்குவதையும், எங்கிருந்தோ அடி விழுவதையும் கண் பார்ப்பதற்கு முன் கை சொல்லிவிடுகிறது. காது கேளாதவர்களுக்கு ஒலி தர வேண்டிய செய்தியை அதிர்வு தருகிறது. 1998இல் வந்த மெட்டல் கியர் சாலிட் விளையாட்டில் ஒரு மனோசக்தி வில்லன், கன்ட்ரோலரைத் தரையில் வை, என் சக்தியால் அதை நகர்த்திக் காட்டுகிறேன் என்பான். வைத்தால் அது உண்மையிலேயே தரையில் நடுங்கி நகரும். அந்தக் காட்சியை அனுபவித்தவர்கள் அதிர்வு பழைய சமாச்சாரம் என்ற பேச்சை ஏற்க மாட்டார்கள்.

வழக்குக்கு வருவோம். இம்மர்ஷன் 1993இல் கலிபோர்னியாவில் தொடங்கப்பட்ட நிறுவனம். கணினி வழியாகத் தொடு உணர்வைக் கொடுப்பதுதான் அதன் தொழில். காப்புரிமைகளுக்கு உரிமம் கொடுத்தும் அது பணம் பெற்றது. 2002 பிப்ரவரியில் சோனி, மைக்ரோசாஃப்ட் இரண்டின் மீதும் அது ஒரே சமயத்தில் வழக்குப் போட்டது. நின்டெண்டோவை அது தொடவில்லை.

வழக்கின் ஆணிவேராக இருந்த இரண்டு காப்புரிமைகளும் கேம் கன்ட்ரோலருக்காகப் பிறந்தவை அல்ல. இம்மர்ஷன் 2000இல் வாங்கிய வேறொரு நிறுவனம், மெய்நிகர் உலகைத் தொட்டு உணரக் கையுறைகளைச் செய்துவந்தது. விரல் நுனிகளில் சின்னஞ்சிறு மோட்டார்கள் துடிக்கும் கையுறை அது. அதற்கான விண்ணப்பம் 1995 நவம்பரில் போடப்பட்டது. அதிலிருந்து கிளைத்த காப்புரிமைகள் வழங்கப்பட்டதோ 2001இலும் 2002இலும். அதற்குள் டூயல்ஷாக் சந்தைக்கு வந்து நாலைந்து ஆண்டுகள் ஆகி, உலகமெங்கும் விற்றுப் பரவிவிட்டது. ஆனால் சட்டம் பார்ப்பது காப்புரிமை கைக்கு வந்த தேதியை அல்ல, விண்ணப்பித்த தேதியை. 1995 என்பது 1997க்கு முந்தையது. சோனிக்கு அங்கேயே பாதி வழி அடைபட்டது.

மைக்ரோசாஃப்ட் நிலைமையைச் சீக்கிரமே கணித்துவிட்டது. 2003 ஜூலையில் 2 கோடியே 60 லட்சம் டாலர் கொடுத்துச் சமரசம் செய்துகொண்டது. அதில் 2 கோடி டாலர் உரிமத்துக்கு. மீதி 60 லட்சம் இம்மர்ஷனில் பங்கு வாங்க. அந்த ஒப்பந்தத்தில் ஒரு பிரிவு, சோனியிடமிருந்து பிற்காலத்தில் இம்மர்ஷனுக்குப் பணம் வந்தால் மைக்ரோசாஃப்டுக்கும் அதில் ஒரு பங்கு என்றது. எக்ஸ்பாக்ஸும் பிளேஸ்டேஷனும் கடைக்குக் கடை மோதிக்கொண்டிருந்த காலம். போட்டியாளர் அபராதம் கட்டினால் தனக்கும் வரும்படி என்ற ஏற்பாட்டோடு வழக்கைவிட்டு வெளியேறியது ஒரு நிறுவனம். காப்புரிமை வழக்கு வணிகப் போரின் ஆயுதமாக மாறுவதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரிந்து இல்லை.

சோனி விடாமல் போராடியது. 2004 செப்டம்பரில் ஜூரி 8 கோடியே 20 லட்சம் டாலர் இழப்பீடு என்று தீர்ப்புச் சொன்னது. 2005 மார்ச்சில் நீதிபதி கிளாடியா வில்கன் அதை வட்டியோடு சேர்த்து 9 கோடியே 7 லட்சம் டாலராக்கினார். பிளேஸ்டேஷன் இயந்திரங்களையும் டூயல்ஷாக் கன்ட்ரோலர்களையும் 40க்கும் மேற்பட்ட கேம்களையும் அமெரிக்காவில் விற்கவே கூடாது என்றும் உத்தரவிட்டார். மேல்முறையீடு முடியும்வரை தடை நிறுத்திவைக்கப்பட்டதால்தான் கடைகளில் விற்பனை தொடர்ந்தது. அதுவரைக்கும் கட்டாய உரிமத் தொகையும் கட்ட வேண்டியிருந்தது. இந்தக் கத்தி தலைக்கு மேல் தொங்கிய நாட்களில்தான் புதிய கன்ட்ரோலர் வடிவமைக்கப்பட்டது. அதில் அதிர்வு மோட்டார் ஏன் இல்லை என்பதற்கு வேறு விளக்கம் தேட வேண்டியதில்லை என்பதே என் முடிவு. அசைவு உணரியையும் அதிர்வையும் சேர்த்து இயக்கும் வழி எங்களிடம் இருக்கிறது என்று இம்மர்ஷன் தலைவர் விக்டர் வியேகஸ் அப்போதே வெளிப்படையாகச் சொன்னார். கேட்கத்தான் ஆள் இல்லை.

2007 மார்ச்சில் சோனி மேல்முறையீட்டைக் கைவிட்டுச் சமரசத்துக்கு வந்தது. தீர்ப்புத் தொகை, வட்டி, ராயல்டி எல்லாமாக இம்மர்ஷனுக்குச் சேர்வது சுமார் 15 கோடி டாலர் என்று கணக்கானது. அதே ஆண்டு செப்டம்பரில் டோக்கியோ கேம் ஷோவில் டூயல்ஷாக் 3 அறிவிக்கப்பட்டது. 2007 நவம்பர் 11 அன்று அது ஜப்பானியக் கடைகளுக்கு வந்தது. ஜப்பானில் பிளேஸ்டேஷன் 3 விற்பனைக்கு வந்து சரியாக ஓராண்டு. அமெரிக்கர்கள் 2008 ஏப்ரல்வரை காத்திருந்தார்கள். அசைவு உணரியும் அதிர்வும் அதில் ஒன்றாகவே வேலை செய்தன. கூடாது என்று முன்பு சொன்ன அதே நிறுவனம் செய்த கருவி!

இடையில் பிளேஸ்டேஷன் 3 வாங்கியவர்கள் அதிர்வு வேண்டுமென்றால் இன்னொரு கன்ட்ரோலரைக் காசு கொடுத்து வாங்க வேண்டியதாயிற்று. அவர்களுக்கு எந்த நீதிமன்றமும் இழப்பீடு எழுதவில்லை. மைக்ரோசாஃப்டோ தன் பங்கைக் கேட்டு 2007 ஜூனில் இம்மர்ஷன் மீதே வழக்குப் போட்டு, 2008 ஆகஸ்டில் 2 கோடியே ஏழரை லட்சம் டாலரைப் பெற்றுக்கொண்டது. முதலில் கொடுத்ததில் பெரும்பகுதி திரும்பி வந்துவிட்டது.

இந்த வழக்கில் குற்றவாளிக் கூண்டில் நின்ற டூயல்ஷாக், வேறொரு வழக்கில் முக்கியச் சாட்சியாக நின்றது. கேம் உலகின் காப்புரிமைச் சண்டைகளில் நான் மிகவும் முக்கியமாக நினைப்பது அந்த வழக்கைத்தான்.

டெக்சாஸைச் சேர்ந்த அனஸ்கேப் என்ற நிறுவனம், ஒரு தனிக் கண்டுபிடிப்பாளரின் காப்புரிமைகளை வைத்துக்கொண்டு 2006இல் நின்டெண்டோ மீதும் மைக்ரோசாஃப்ட் மீதும் வழக்குப் போட்டது. இந்த முறையும் மைக்ரோசாஃப்ட் விசாரணைக்கு முன்பே சமரசம் செய்துகொண்டது. 2008 மே மாதம் லஃப்கின் நகரில் ஜூரி நின்டெண்டோவுக்கு 2 கோடியே 10 லட்சம் டாலர் அபராதம் போட்டது. கேம்கியூப் கன்ட்ரோலர், கம்பியில்லாத வேவ்பேர்ட், வீயின் கிளாசிக் கன்ட்ரோலர் ஆகியவை காப்புரிமையை மீறியவை என்பது தீர்ப்பு.

வாஷிங்டனில் உள்ள மேல்முறையீட்டு நீதிமன்றம் ஆவணங்களைப் பொறுமையாகப் பிரித்துப் படித்தது. 1996இல் போட்ட மூல விண்ணப்பம் விவரித்தது, ஒரே ஒரு கைப்பிடியை ஆறு விதமாக அசைத்து இயக்கும் கருவியை. 2000ஆம் ஆண்டில் அதன் தொடர்ச்சியாகப் போட்ட விண்ணப்பத்தில், ஒரே கைப்பிடி என்று வரையறுத்த வரிகள் விலகி, பல ஸ்டிக்குகளும் பல பட்டன்களும் கொண்ட கருவிகளையெல்லாம் வளைத்துப் போடும்படி கோரிக்கை விரிந்திருந்தது. அப்படி விரிந்த கோரிக்கைக்கு 1996 என்ற தேதி கிடைக்காது, 2000தான் அதன் தேதி என்று 2010 ஏப்ரலில் நீதிமன்றம் சொன்னது. 2000க்கு முன்பே சோனியின் டூயல்ஷாக் கடைகளில் இருந்தது. இரண்டு ஸ்டிக், பட்டன்கள், அதிர்வு எல்லாம் அதில் ஏற்கெனவே இருந்தன. காப்புரிமை செல்லாது, 2 கோடியே 10 லட்சம் டாலரும் ரத்து.

ஓக்லாண்டில் சோனியைத் தோற்கடித்ததும் தேதிதான். வாஷிங்டனில் நின்டெண்டோவைக் காப்பாற்றியதும் தேதிதான். இரண்டாவது வழக்கில் நீதிமன்றம் தேதியோடு நிற்காமல், இந்த மனிதர் அன்றைக்கு உண்மையில் எதைக் கண்டுபிடித்து விவரித்தார் என்று கேட்டது. கேட்கப்பட வேண்டிய கேள்வி அது ஒன்றுதான்.

ஐலைஃப் என்ற நிறுவனத்தின் காப்புரிமையும் இந்தக் கேள்விக்கு ஆட்பட வேண்டியதுதான். முதியவர்கள் தவறி விழுவதை உடலில் பொருத்திய உணரி மூலம் கண்டறிவதைப் பற்றிய காப்புரிமை அது. நல்ல காரியத்துக்கான யோசனை. அதை வைத்து வீ ரிமோட் மீது வழக்குத் தொடுத்தார்கள். 2017இல் டாலஸ் ஜூரி 1 கோடியே 1 லட்சம் டாலர் கொடுக்கச் சொன்னது. அசைவைப் பதிவுசெய்து அலசுவது என்பது வெறும் கருத்து, அதற்குக் காப்புரிமை கிடையாது என்று 2020 ஜனவரியில் நீதிபதி அந்தக் காப்புரிமையைச் செல்லாததாக்கினார். மேல்நீதிமன்றமும் மறுஆண்டு அதை உறுதிசெய்தது.

காப்புரிமை என்றாலே கொள்ளை என்று பேசுவோர் கட்சியில் நான் இல்லை. நின்டெண்டோவின் குன்பெய் யோகோய் 1982இல் டாங்கி காங் கையடக்க விளையாட்டுக்காகச் செய்த சிலுவை வடிவப் பட்டனைப் பாருங்கள். பார்க்காமலே கட்டைவிரல் திசையை அறியும். நடுவில் தாங்கி இருப்பதால் எதிரெதிர்த் திசைகள் ஒருசேர அழுந்தாது. 1987இல் அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது, 2005இல் காலாவதியானது. அதில் கோரப்பட்டது அவர் செய்த பொருள் மட்டுமே. எனவே மற்றவர்களுக்கு வேறு வழிகள் திறந்திருந்தன: சேகா வட்டத் தட்டு வைத்தது, சோனி மேற்பரப்பில் நான்கு தனித்தனி அம்புகளாகப் பிரித்தது. யாருடைய கன்ட்ரோலரும் முடங்கவில்லை.

அண்மைக் கால வழக்குகளில் வால்வ் நிறுவனத்தின் ஸ்டீம் கன்ட்ரோலர் வழக்கில் தவறு வால்வின் பக்கமே. கன்ட்ரோலரின் பின்புறம் விரல்களால் அழுத்தும் பட்டைகளுக்கு அயர்ன்பர்க் நிறுவனம் 2014 பிப்ரவரியில் காப்புரிமை பெற்று, அடுத்த மாதமே வால்வை எச்சரித்தது. எச்சரிக்கைக்குப் பிறகும் 2015இல் கருவி சந்தைக்கு வந்தது. கொரோனா காலத்தில் ஜூம் வழியாக விசாரித்த சியாட்டில் ஜூரி, 16 லட்சம் கருவிகளுக்கு 40 லட்சம் டாலர் கொடுக்கச் சொன்னது, 2021 பிப்ரவரியில். கருவி ஒன்றுக்கு இரண்டரை டாலர். மைக்ரோசாஃப்ட் தன் எலைட் கன்ட்ரோலருக்கு அதே காப்புரிமைகளுக்கு முறையாக உரிமம் வாங்கியிருந்தது.

இம்மர்ஷன் பின்னாளிலும் ஓயவில்லை. 2022இல் மெட்டா மீதும், 2023இல் வால்வ் மீதும் வழக்குத் தொடுத்தது. சோனி மட்டும் 2019லேயே புதிய உரிம ஒப்பந்தம் போட்டுக்கொண்டுவிட்டது. அடுத்த ஆண்டு டூயல்சென்ஸ் கன்ட்ரோலர் வந்தபோது அதிர்வு அதன் முக்கியப் பெருமையாக விளம்பரமானது.

சோனி உரிமம் வாங்காமல் இழுத்தடித்தது தவறு. காசு கட்டியது நியாயம். ஆனால் கையுறைக்குப் போட்ட ஒரு விண்ணப்பத்திலிருந்து, சந்தைக்கு வந்து பரவிவிட்ட கன்ட்ரோலரையும் வளைக்கும் கோரிக்கைகள் ஆண்டுகள் கழித்துக் கிளைக்க அனுமதிப்பது சட்டத்தின் குறை. காப்புரிமை அலுவலகத்தில் விண்ணப்பத்தைப் படிக்கும் அதிகாரி, முதல் நாள் விவரித்ததையும் பின்னாளில் கேட்பதையும் அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும். அனஸ்கேப் விஷயத்தில் அதை 2000இலேயே செய்திருந்தால், நான்காண்டு வழக்கும் ஒரு ஜூரி விசாரணையும் தேவைப்பட்டிருக்காது.