சுருங்காத கட்டியும் செத்திருக்கலாம்

செஞ்சிப் பக்கம் யாருக்காவது கல்லீரலில் புற்றுநோய் என்று தெரிந்தால் முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி, புதுச்சேரி ஜிப்மர், வேலூர் சிஎம்சி, அடையாறு கேன்சர் ஆஸ்பத்திரி என்று ஏதோ ஒரு திசையில் பஸ் ஏறுகிறார்கள். கரண்ட் (கதிர்வீச்சு) வைத்து முடித்து, மூன்று மாதம் கழித்து எடுத்த ஸ்கேனின் ரிப்போர்ட் கைக்கு வந்ததும் வீட்டார் முதலில் தேடுவது சென்டிமீட்டர் கணக்கைத்தான். போன தடவையும் ஐந்து, இந்தத் தடவையும் ஐந்து என்றால் முகம் வாடிவிடுகிறது. கல்லீரலைப் பொறுத்தவரை அந்த ஒரு எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு அழவும் கூடாது, சிரிக்கவும் கூடாது.

காரணம் ரத்த ஓட்டத்தில் இருக்கிறது. கல்லீரலுக்கு இரண்டு வழியாக ரத்தம் வருகிறது. ஏறக்குறைய முக்கால் பங்கு, குடலிலிருந்து வரும் போர்ட்டல் சிரை வழியாக. மீதி, தமனி வழியாக. கல்லீரல் செல்லிலேயே தோன்றும் புற்றுக்கட்டியோ பெரும்பாலும் தமனி ரத்தத்தைக் குடித்துத்தான் வளர்கிறது. இந்த வித்தியாசத்தைப் படமாக்குவதுதான் டிரிபிள் ஃபேஸ் சிடி.

கை நரம்பில் சற்றுப் பருமனான வென்ஃப்ளான் குத்தி, அயோடின் கலந்த மருந்தை நொடிக்கு 3 முதல் 5 மில்லி வேகத்தில் இயந்திரம் ஏற்றும். உடம்பெல்லாம் குப்பென்று சூடு பரவும். சிறுநீர் போய்விட்டதோ என்று சிலருக்குச் சந்தேகமே வந்துவிடும். போகவில்லை, பயப்பட வேண்டாம். மூச்சை இழுத்து நிறுத்தச் சொல்லும் குரல் கேட்கும். மருந்து ஏறத் தொடங்கிச் சுமார் 35 நொடியில் எடுக்கும் படத்தில் தமனி ரத்தம் குடிக்கும் கட்டி வெள்ளையாகப் பளிச்சிடும். சுற்றியுள்ள கல்லீரல் இன்னும் மங்கலாகவே இருக்கும். 70 நொடி வாக்கில் கல்லீரல் வெளுக்கும். மூன்று நிமிடம் கழித்துப் பார்த்தால் கட்டி கறுத்துத் தெரியும். வாஷ் அவுட் என்று ரிப்போர்ட்டில் எழுதுவது இதைத்தான். ஏற்கெனவே கல்லீரல் சுருக்க நோயோ நாள்பட்ட ஹெபடைடிஸ் பி தொற்றோ உள்ளவரிடம் இந்த அடையாளம் தெளிவாக இருந்தால், பல சமயம் ஊசி போட்டுச் சதை எடுக்காமலேயே நோயை உறுதி செய்துவிடுகிறார்கள். மற்ற புற்றுநோய்களில் இந்தச் சலுகை அபூர்வம்.

இந்த நோய் பெரும்பாலும் ஏற்கெனவே நொந்துபோன கல்லீரலில்தான் வருகிறது. ஹெபடைடிஸ் பி, சி, குடி, கொழுப்புக் கல்லீரல் ஆகியவை தெரிந்த காரணங்கள். மல்லாட்டை (வேர்க்கடலை) விளைகிற நம் பக்கத்தில் சேர்த்துச் சொல்லியே ஆகவேண்டிய ஒன்று, பூஞ்சை பிடித்த மல்லாட்டையில் உண்டாகும் அஃப்ளாடாக்சின். ஹெபடைடிஸ் பி உள்ளவருக்கு இது பல மடங்கு ஆபத்து. வறுத்தாலும் முழுதாகப் போகாது. கசப்பதைத் துப்பிவிடுவதுதான் நல்லது.

சிகிச்சை பலித்ததா என்று பார்க்க முதலில் வந்த விதிகள் கட்டியின் அளவைத்தான் பார்த்தன. உலக சுகாதார நிறுவனம் 1979-இல் ஒரு முறை வகுத்தது. 2000-இல் ரெசிஸ்ட் என்ற விதி வந்தது. கல்லீரலில் இரண்டும் இடறின. செத்த கட்டி அங்கேயே கிடக்கும், உடனே கரைந்து போகாது. செஞ்சிக் கோட்டையைப் பாருங்கள்: படைகள் போய் இருநூறு வருஷத்துக்கு மேலாகியும் ராஜகிரி மதில் நிற்கிறது, மதிலை அளந்து உள்ளே எத்தனை சிப்பாய் என்று சொல்ல முடியுமா? அதனால் 2010-இல் விதியைத் திருத்தினார்கள். மொத்தக் கட்டியை விட்டுவிட்டு, தமனிக் கட்டத்தில், அதாவது அந்த 35 நொடிப் படத்தில், பளிச்சிடும் பகுதியை மட்டும் அளப்பது என்று ஆயிற்று. தமனியை அடைத்துச் செய்யும் சிகிச்சைக்கும், சூட்டால் சுட்டெரிக்கும் சிகிச்சைக்கும் இது நன்றாகப் பொருந்தியது.

கதிர்வீச்சுக்கு அதுவும் முழுதாகப் பொருந்தவில்லை. கல்லீரல் முழுவதற்கும் கொடுத்தால் அது தாங்காது என்பதால் கதிர்வீச்சை வெகுகாலம் ஒதுக்கியே வைத்திருந்தார்கள். மூச்சோடு மேலும் கீழும் நகரும் கல்லீரலைக் கணக்கில் வைத்து, கட்டியை மட்டும் குறிபார்த்து, பெரும்பாலும் ஐந்து தடவைக்குள் முடிக்கிற எஸ்பிஆர்டி முறை வந்த பிறகுதான் நிலைமை மாறியது. ஆனால் கதிர் ரத்தக் குழாயை உடனே அடைப்பதில்லை. செல்லின் டிஎன்ஏவை உடைக்கிறது. அந்தச் செல் பிரிய முயலும்போதுதான் சாகிறது. ஆகவே பளிச்சிடுதல் மாதக் கணக்கில், சிலருக்கு ஒரு வருஷத்துக்கு மேலும் நீடிக்கும். அது உயிருள்ள புற்று என்று அவசரப்பட்டு இன்னொரு சிகிச்சைக்கு இழுப்பது தவறு.

இன்னொரு குழப்பமும் உண்டு. கட்டியைச் சுற்றிக் கதிர் பட்ட நல்ல கல்லீரலும் சில மாதம் வெளுத்துத் தெரியும். புதுக் கட்டியோ என்று தோன்றும். ஆனால் அதன் எல்லை கதிர் போன பாதையை ஒட்டியே இருக்கும். பிறகு அந்த இடம் வற்றி, கல்லீரலின் விளிம்பு உள்ளே இழுபடும். கதிர் திட்டப் படத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் ரேடியாலஜி டாக்டருக்கு இது விளங்கிவிடும். அது இல்லாமல் பார்ப்பவர் தடுமாறினால் அவரைக் குறை சொல்ல முடியாது. அமெரிக்க ரேடியாலஜி கல்லூரி 2024-இல் வெளியிட்ட லை-ராட்ஸ் விதியில் கதிர்வீச்சு பெற்றவர்களுக்கென்று தனிப் பாதையே போட்டுவிட்டது. பளிச்சிடுதல் இருந்தாலும் வளராமலோ குறைந்துகொண்டோ வந்தால் ‘முன்னேறாத நிலை’ என்று குறித்துவிட்டுக் காத்திருக்கலாம்.

நிஜமாகவே கவலைப்பட வேண்டியது, பளிச்சிடும் பகுதி ஒரு ஸ்கேனிலிருந்து அடுத்ததற்குப் பெரிதானால். விளிம்பிலோ வேறிடத்திலோ புது முடிச்சு வந்தால். ரத்தத்தில் ஏஎஃப்பி என்ற புற்று அடையாளப் புரதத்தின் அளவு ஏறிக்கொண்டே போனால். சிடியில் சந்தேகம் நின்றால் எம்ஆர்ஐ எடுக்கச் சொல்வார்கள்.

இத்தனையும் ஒப்பிட்டுப் பார்ப்பதில்தான் இருக்கிறது. ஒரே ஒரு படத்தை வைத்து யாராலும் தீர்ப்புச் சொல்ல முடியாது. எனவே அடுத்த ஸ்கேனுக்குக் கிளம்பும்போது ரிப்போர்ட் தாளை மட்டும் மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போகாதீர்கள். சிகிச்சைக்கு முன் எடுத்த படம் தொடங்கி எல்லா ஃபிலிமும் சிடி தட்டும், கரண்ட் வைத்த ஆஸ்பத்திரி கொடுத்த சுருக்கச் சீட்டும் கூடவே போகட்டும். கடைசி கரண்ட் வைத்த தேதியை, கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லிவிடுங்கள்.